பறவை பார்க்கப் பிடிக்கும் என்று வேலையை விட்டேன்: கோத்தகிரியில் 14 மாதங்கள்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். இருபத்தெட்டு வயது, ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை. "அக்கா, நீங்க வேலையை விட்டுட்டு பறவை காட்டப் போனீங்கன்னு கேள்விப்பட்டேன். நானும் அடுத்த மாசம் பேப்பர் போடப் போறேன்" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2023 செப்டம்பரில் என் குரலும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு யாராவது என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் 4,40,000 ரூபாயும் ஒரு வருடத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அவளிடம் போனில் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரிக்குப் பக்கம். அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தேயிலை, அதற்கும் பின்னால் ஒரு துண்டுச் சோலை. விடிகாலையில் அந்தப் பக்கமிருந்து நாலைந்து பேர் சேர்ந்து சிரிப்பது போல ஒரு சத்தம் வரும். சின்ன வயதில் அது எங்களுக்கு எழுந்திருக்கும் நேரம், அவ்வளவுதான். அப்படிச் சத்தம் போடுகிற பறவையின் பெயர் நீலகிரி சிரிப்பான் என்பதும், இந்த மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது என்பதும் கோவைக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு இயந்திரத் தயாரிப்பு நிறுவனத்தில் சம்பளப் பிரிவில் எட்டு வருடம் இருந்தேன். கடைசியாகக் கைக்கு வந்தது மாதம் 48,000. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்காநல்லூர் குளத்துக்கு ஒரு குழு போகும், நானும் சேர்ந்துகொண்டேன். கரையில் நின்று நாமக்கோழி குஞ்சுகளை அழைத்துக்கொண்டு போவதைப் பார்க்கிற அந்த இரண்டு மணி நேரத்தில் மனசு லேசாகிவிடும். மற்ற ஆறு நாளும் வருகைப் பதிவேடு, பிடித்தம், மறுபடி வருகைப் பதிவேடு. வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டு மணி நேரமாகவே இருந்தால் என்ன என்று தோன்ற ஆரம்பித்தது. அந்த எண்ணம் தப்பில்லை. அதற்கு நான் போட்ட கணக்குதான் தப்பு.

என் திட்டம் இது. ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பறவை பார்க்க வருபவர்களைத் தங்க வைத்து, காலையும் மாலையும் நானே கூட்டிப்போய்க் காட்டுவது. தங்க ஒரு கட்டணம், காட்ட ஒரு கட்டணம். இரண்டு அறையும் மாதத்தில் பத்து நாள் நிறைந்தாலே பழைய சம்பளம் வந்துவிடும் என்று எக்செல் காட்டியது. அப்பா மட்டும், "கண்ணு, உனக்குக் குருவி பார்க்கப் பிடிக்கும், சரி. ஊரார் துணியைத் துவைக்கப் பிடிக்குமா?" என்று கேட்டார். என் கனவைப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறார் என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. எனக்குப் பிடித்தது பறவை. நான் பணம் போட்டு வாங்கியது விடுதித் தொழில்.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். பிடித்த விஷயம் ஒன்று, அதை வைத்துச் சம்பாதிக்கிற தொழில் வேறொன்று. அந்தத் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பத்து நாள் லீவு போட்டு அவர் கூடவே இருங்கள். நல்ல நாளில் மட்டும் போகாதீர்கள். மழை நாளில், ஆள் வராத நாளில், வந்தவர் சண்டை போடும் நாளில் இருங்கள். பத்தாவது நாள் இரவு படுக்கும்போது மறுநாள் எழுந்து போக மனசு வருகிறதா என்று பாருங்கள். எனக்கு அப்போது 22 நாள் லீவு மிச்சம் இருந்தது. அதைப் பணமாக மாற்றி மெத்தை வாங்கினேன்.

2023 அக்டோபரில் வீடு கிடைத்தது. கீழே ஒரு அறை, மாடியில் ஒரு அறை, வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அட்வான்ஸ் 2,00,000, வாடகை 14,000. குளியலறையை இடித்துக் கட்டியது, கீசர், கட்டில், மெத்தை, கம்பளி என்று 1,85,000 ஆனது. வருகிறவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கலாம் என்று கேமராவும் பெரிய லென்சும் 2,30,000-க்கு வாங்கினேன். நவம்பரில் திறக்கலாம், வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். பறவைகள் என்னவோ வந்தன. ஆனால் கோத்தகிரி மலையின் கிழக்குப் பக்கம் இருக்கிற ஊர். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அங்கேயே பிறந்து வளர்ந்தவள், அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அந்த நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தது, மலை ரயிலும் நின்றது. முன்பதிவு செய்திருந்த மூன்று குழுக்களும் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். எப்படியோ வந்து சேர்ந்த ஒரே குடும்பத்துக்கு விரிப்பு மாற்ற வேண்டும். துவைத்த விரிப்பு நாலு நாளாகியும் காயவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஈர விரிப்பை மேசையில் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. விரிப்பில் கரி வாசம். காலையில் ஐந்தரைக்கு அவர்களைக் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்கு முதல் தடவையாக அழுதேன்.

மலையில் எந்தத் தொழில் தொடங்கினாலும் பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக வரவு எழுதிப் பாருங்கள். சராசரி போடாதீர்கள், சராசரிதான் என்னை ஏமாற்றியது. எங்கள் பக்கம் பறவைக்கு நல்ல மாதங்கள் டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை. கோடை சீசனில் கூட்டம் வரும், ஆனால் அவர்கள் வருவது மலர்க் கண்காட்சிக்கும் படகுக்கும். அந்த மாதங்களில் வெளியூர் வண்டிகளுக்குப் புது விதிகளும் வருகின்றன. 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அப்போது எண்ணிக்கை வரம்பு கிடையாது, பதிவு செய்தாலே கிடைத்துவிடும். ஆனால் அந்தக் குழப்பத்திலேயே எனக்கு இரண்டு குழுக்கள் ரத்து. மறு வருடம் ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வந்துவிட்டது. மலைக்கு அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் வருமானம் முழுவதும் வெளியூர் வண்டியை நம்பி இருந்தால், நீங்கள் கையெழுத்துப் போடாத ஒரு உத்தரவு உங்கள் மாதச் செலவைத் தீர்மானிக்கும்.

இனி வீட்டு விவகாரம். பிப்ரவரியில் நோட்டீஸ் வந்தது. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டில் வெளியாட்களைத் தங்க வைக்கிறீர்கள், உரிமம் எங்கே என்று. அதோடு மாடிக்கு வரைபட அனுமதியே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்காரர், "இங்க எல்லாரும் அப்படித்தானே நடத்துறாங்க" என்றார். ஒப்பந்தத்தில் அட்வான்ஸைத் திருப்புவது பற்றி ஒரே ஒரு வரி: காலி செய்யும்போது சேதம் போகத் தரப்படும். நான் இடித்துக் கட்டிய குளியலறையையே சேதம் என்று எழுதி 80,000 பிடித்துக்கொண்டார். வக்கீலைப் பார்த்தேன். வழக்குப் போட்டால் எத்தனை வருடம் ஆகும் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வீடு எடுக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கையில் வாங்கி, எந்தத் தளத்துக்கு, என்ன உபயோகத்துக்கு அனுமதி என்று உள்ளாட்சி அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள். தங்க வைப்பதற்கு உள்ளாட்சி உரிமம், சுற்றுலாத் துறைப் பதிவு, சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, இவை ஒவ்வொன்றும் யார் பெயரில் வரும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அரசு மூடச் சொன்னால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தனி வரி எழுதி வாங்குங்கள். வீட்டுக்காரர் அதற்குத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

காட்டைப் பற்றியும் நான் பாதிதான் தெரிந்து வைத்திருந்தேன். லாங்வுட் சோலையை நம்பித்தான் என் திட்டமே. கோத்தகிரிக்கு மிக அருகில் 116 ஹெக்டேர் சோலை, கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருவது, 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்ததும் விசாரித்துப் பல அழைப்புகள். ஆனால் அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தால் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அனுமதி நாம் கேட்ட நாளில், கேட்ட நேரத்தில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வாட்சர் அண்ணா ஒருவர், "ரோட்டோரமாவே நின்னு காட்டும்மா, அங்கயே பாதி பறவை வரும்" என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். அவர் சொன்னது உண்மை. கறுப்பும் ஆரஞ்சுமான அந்த ஈப்பிடிப்பான், வெளியூர்க்காரர்கள் அவ்வளவு தூரம் தேடி வருகிற பறவை, சாலையோரப் புதரில் முழங்கால் உயரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் ரோட்டோரம் காட்டுகிறேன் என்று சொன்னால் யாரும் 6,000 ரூபாய் தரமாட்டார்கள் என்று பயந்தேன். காப்புக்காடு இருக்கட்டும், தேயிலைத் தோட்டத்திலேயே காட்டுமாடும் கரடியும் நடமாடுகிற ஊர் எங்களுடையது. விடிவதற்கு முன் ஐந்து பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு நடக்கும்போது என் கண் பறவையில் இருக்காது. வளைவில் கறுப்பாக ஏதாவது நிற்கிறதா என்பதில்தான் இருக்கும்.

என்னை உண்மையில் உடைத்தது பணம் அல்ல. ஏப்ரலில், வீட்டைக் காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்னால், படம் எடுப்பவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு நாளுக்கு 6,000 என்று பேசி, பாதியை முன்பணமாகப் போட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சோலைக்கிளி வேண்டும். பெயரில்தான் கிளி, குருவி அளவே இருக்கும், கருநீலம், வயிற்றோரம் செம்பழுப்பு, சோலையின் இருட்டுத் தரையில் தத்தித் தத்தி இரை தேடும். எனக்குத் தெரிந்த ஒரு ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனேன். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருவர் பையிலிருந்து சின்ன ஸ்பீக்கரை எடுத்து இலைக்கடியில் வைத்து, அதே பறவையின் பாட்டை ஓட விட்டார். அது குஞ்சு பொரிக்கும் காலம். தன் இடத்துக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது உடனே வெளியே வந்தது. பாசி படிந்த ஒரு வேரின் மேல் நின்றது. அலகில் பச்சைப் புழு ஒன்று குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கை தூரத்தில் மண்கரையில் ஒரு பொந்து. கூடு அங்கேதான் என்பது அது திரும்பித் திரும்பிப் பார்த்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புழுவைக் குஞ்சுக்குக் கொண்டுபோகாமல், இறக்கையைத் தொங்கவிட்டபடி ஸ்பீக்கரையே சுற்றிச் சுற்றி வந்தது. பாட்டை நிறுத்தினால் பொந்துப் பக்கம் போகும், போட்டால் திரும்பி வரும். நாற்பது நிமிடம். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ புழு கீழே விழுந்துவிட்டது. அதை எடுக்கக்கூட அது குனியவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். "போதும் சார்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூவாயிரம் மிச்சத் தொகை வர வேண்டியிருந்தது, மறுநாள் வாடகை கட்ட வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் எந்தப் பறவையையும் பார்க்கப் போகவில்லை. பைனாகுலர் அலமாரியிலேயே கிடந்தது. சிரிப்பான் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். பிடித்ததைத் தொழிலாக்கப் போகிறவர்களை நான் ஒன்று கேட்பேன். பணமுடை வரும் நாளில், நீங்கள் நேசிக்கும் அந்த விஷயத்துக்கு எதிராகவே உங்களை எதுவரை இழுத்துப்போக முடியும்? சமைக்கப் பிடித்தவர் நேற்றைய குழம்பைச் சுடவைத்து விற்பாரா, பாடப் பிடித்தவர் மனசுக்கு ஒவ்வாததைப் பாடுவாரா என்பதெல்லாம் வாடகை நாளில்தான் தெரியும். எதைச் செய்யமாட்டேன் என்பதை முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். எழுதி வைத்தால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்ற வங்கியில் பணமும் வேண்டும். குடும்பச் செலவுக்கு ஒரு வருடப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அது இல்லாமல் மிஞ்சுவதில்தான் தொழில் என்று நான் இப்போது பிடிவாதமாகச் சொல்கிறேன். அந்தப் பணம் இருந்திருந்தால் அன்றைக்கு ஸ்பீக்கரை நானே அணைத்திருப்பேன்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். வேலையை விட்ட அன்றே அது போய்விட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. மார்ச்சில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன், 92,000. மேலே சொன்ன 4,40,000-ல் இது சேரவில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே குடும்பத்துக்குத் தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள். இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. கம்பெனிக் காப்பீட்டை அதே நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். நான் அந்தப் பிரிவுக்குப் பக்கத்து மேசையில் எட்டு வருடம் உட்கார்ந்திருந்தேன், கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் கடைசியில் வீட்டைக் காலி செய்தேன். ஒன்பது மாத வாடகை 1,26,000, உள்வேலை 1,85,000, பிடித்துக்கொண்ட அட்வான்ஸ் 80,000. கேமராவை 1,45,000-க்கு விற்றதில் நஷ்டம் 85,000. கட்டில் மெத்தை விற்று 36,000 வந்தது. அப்படித்தான் 4,40,000. கேமராவை வாங்காமல் வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த 85,000-ல் பெரும்பகுதி தப்பியிருக்கும். எந்தக் கருவியையும் முதல் வருடம் வாங்காதீர்கள். அதற்கப்புறம் ஐந்து மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். கோவைத் தோழியின் கல்யாணத்துக்குப் போகவில்லை, என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பார்களே என்று. அப்பா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வழி திறந்தது எதிர்பாராத பக்கத்தில். பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர், பிள்ளைகளுக்கு ஒரு நாள் பறவை காட்ட முடியுமா என்று கேட்டார். காசெல்லாம் இல்லை என்றார். பள்ளி வேலியோரம் இருபது பிள்ளைகள். செம்மீசைச் சின்னான்தான், எங்கள் ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் உட்காருகிற பறவை. ஒரு பையன் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "மிஸ், இதுக்குக் கன்னத்துல சிவப்புப் பொட்டு இருக்கு, எங்க வீட்ல தினம் வருது, நான் பார்த்ததே இல்ல" என்று கத்தினான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சிங்காநல்லூர் கரையிலும் எனக்குப் பிடித்திருந்தது இதுதான்: நானாகப் பார்ப்பது, முதல் தடவை பார்க்கிறவர் பக்கத்தில் நிற்பது. அரிய பறவையைக் கொண்டுவந்து நிறுத்துவது எனக்குப் பிடிக்கவே இல்லை. இத்தனை வருடம் பறவை பார்த்தும் இதைப் பிரித்துப் பார்த்ததில்லை. பிடிக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், அதில் எந்த நிமிடம் பிடிக்கிறது என்று ஒரு நோட்டில் இரண்டு மாதம் எழுதிப் பாருங்கள். அந்த நிமிடத்துக்குக் காசு தருகிறவர் யார் என்று தேடுவது அதற்கடுத்த வேலை.

2024 டிசம்பரிலிருந்து கோத்தகிரியிலேயே ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன், வாரம் ஐந்து நாள், 26,000. சனி ஞாயிறு காலை மூன்று மணி நேர நடை, நாலு பேருக்கு மேல் கிடையாது, தலைக்கு 800. ரோட்டோரமும், தெரிந்தவர்களின் தேயிலைத் தோட்டமும் மட்டுமே. குரல் பதிவு ஓட விடமாட்டோம், கூட்டுக்கு அருகில் போகமாட்டோம் என்று முன்பதிவிலேயே எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்கிறவர்களும் உண்டு, போகட்டும். சீசனில் மாதம் 12,000 வரை வருகிறது, மழைக்காலத்தில் ஒன்றும் இல்லை. மாதம் ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகள். ஜனவரியில் பொங்கல் நாட்களின் பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் ஊர்ப் பக்கத்தை நானும் அந்தப் பிள்ளைகளும் எடுத்துக்கொள்கிறோம். பழைய சம்பளம் இன்னும் வரவில்லை. அப்போது வாங்கிய கடனில் 70,000 பாக்கி. அந்த ஓடைக்கரைக்கு யாரையும் கூட்டிப் போவதில்லை.

திருப்பூர்ப் பெண் பேப்பர் போடுவதைத் தள்ளி வைத்திருக்கிறாள். பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறாள், எங்கள் வீட்டில்தான் தங்கல். நடை முடிந்த பிறகு, வருகிறவர்களின் குறைகளையும் ரத்துகளையும் அவளே கையாளட்டும் என்று போனை அவளிடமே கொடுக்கப்போகிறேன். காலை ஐந்தே காலுக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன், ஸ்வெட்டர், முழங்கால் வரை சாக்ஸ், அட்டைப்பூச்சிக்கு ஒரு பொட்டலம் உப்பு.